மூச்சு வாங்கிய வண்டிகள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையில் குறளோ காப்பியமோ பேசுவதே வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர் எங்களை மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் பணித்தனர். அதுவும் விரைந்தோடும் வண்டியைப் பற்றியன்று. போடிமெட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்ற பழைய வண்டிகளைப் பற்றி. அத்தகைய வண்டி வைத்திருந்த பெரியவர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சார்பாகவும் பேசுகிறோம்.

மூணாற்றுக்கு மெதுவான பயணம் புதிதன்று. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் அமைத்த ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி இழுத்தவை மாடுகளே. 1908இல் அது சிறு ரயில் பாதையாயிற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றது. பிறகு ரயில் இம்மலைக்குத் திரும்பவே இல்லை. ஆகவே போடி, தேனி, மதுரை என்று ஊருக்குப் போக நமக்குச் சாலையே கதியாயிற்று.

அச்சாலையில் எங்கள் தலைமுறை ஓட்டிய வண்டிகளை இளைஞர் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அம்பாசிடரின் பெட்ரோல் இஞ்சின் 1,489 சி.சி.; வெறும் வண்டியின் எடையே 1,100 கிலோவுக்கு மேல். பியட் 1100 என்று வந்து பின்னர் பத்மினி என்று பெயர் பூண்ட வண்டிக்கு 1,089 சி.சி.; அதன் திறன் நாற்பது குதிரைகளை ஒட்டியது. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 948 சி.சி. இந்நாற்பது குதிரைகளும் போடியில்தான் நாற்பது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஒவ்வோர் 1,000 அடிக்கும் இஞ்சின் தன் வலிமையில் நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கிறது. 5,000 அடியில் ஆறு குதிரைகள் காணாமற் போய்விடும்! தண்ணீரும் அவ்வுயரத்தில் 95 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டியின் ரேடியேட்டர் ஏன் சீறிற்று என்பதை இனி விளக்க வேண்டுவதில்லை.

எனவே ஓட்டுநருக்குச் சில பாடங்கள் இருந்தன. அந்நாளைய வண்டிகள் பலவற்றில் ஓடும்போது முதல் கியர் எளிதில் விழாது. வளைவு வருமுன்பே வேகத்தை அடக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்தால், பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் முகம் வெந்துவிடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பெரியோர் வாக்கு. கல் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை, வண்டி நகர்ந்தவுடன் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டே ஏற வேண்டும். நடுச்சாலையில் விட்டுச் செல்பவனை ஊரே ஏசும்.

1981ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் தந்தையாரின் நிலை கவலைக்கிடம் என்று சின்னமனூரிலிருந்து தந்தி வந்தது. அம்மா அப்போது எங்களோடு இருந்தார்கள். எங்களிடம் இருந்ததோ பழைய வண்டி. பெயர் வேண்டாம், சமவெளியில் அது நன்றாகவே ஓடிற்று. மூணாற்றிலிருந்து போடிக்குப் போவது இறக்கம்தானே என்று வெளியூரார் நினைப்பர். அவ்வாறன்று. தேவிகுளத்தைக் கடந்து கேப் வரை ஓர் ஏற்றம், பூப்பாறைக்கு இறங்கியபின் போடிமெட்டு வரை மற்றோர் ஏற்றம். அதன் பிறகே இறக்கம்.

பூப்பாறைக்கு அப்பால் வண்டி ஐவரைச் சுமக்க மறுத்தது. மனைவியும் பிள்ளைகள் இருவரும் இறங்கி மழையில் நடந்தனர். அம்மா மட்டும் உள்ளே இருந்தார்கள். ஒரு வளைவு ஏறி நின்று, நடப்போர் வந்தபின் அடுத்த வளைவு என்று போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு தேயிலை லாரி வந்தது. அது ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. கிளீனர் இறங்கி வந்து, யாரும் கேளாமலே கல் வைத்தான். எதிரே இறங்கிய பேருந்தோ, எங்களைக் கண்டதும் பின்னோக்கி நகர்ந்து அகலமான இடத்தில் ஒதுங்கிற்று. அதில் இருந்தோர் தலை நீட்டிப் பார்த்தனர், எவரும் முணுமுணுக்கவில்லை. அம்மா அந்த ஓட்டுநரைக் கைகூப்பினார்கள்.

இரவு எட்டு மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். தந்தையார் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். "மழையிலா வந்தே?" என்று கேட்டார்கள். மறுநாள் விடியுமுன் காலமானார்கள்.

அந்தப் பேருந்து ஓட்டுநர் செய்தது கருணை மட்டுமன்று, சட்டமும் அதுவே. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் கூறின; 2017இல் வந்த விதிகளும் ஏறுபவனுக்கே முதலிடம் தருகின்றன. காரணம் எளிது. இறங்குபவன் நின்றால் மீண்டும் உருள்வான். ஏறுபவன் நின்றால் மீண்டும் கிளம்புவது அரிது. வலுவற்றவனுக்கு முதலிடம் என்று எழுதிய அச்சட்டத்தார் மலையில் வண்டி ஓட்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு.

1983இல் மாருதி வந்தது. அதன் இஞ்சின் 796 சி.சி.தான், ஆனால் உடல் இலேசு, ஆகவே ஏறிற்று. அம்பாசிடரும் 2014இல் உற்பத்தி நின்றது. இன்று சாலையும் அகன்றுவிட்டது. இளைஞர்களே, உங்கள் வண்டிகளுக்குப் போடிமெட்டு ஒரு பொருட்டே அன்று. எனினும் தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இன்றும் காலையில் அவ்வளைவுகளில் ஏறுகின்றன. அளவுக்கு மேல் ஆள் நிறைந்த வண்டிகள் அவை. பொங்கலுக்கு விடியற்காலையில் புறப்பட்டு இறங்குகிறீர்கள் அல்லவா? அவை எதிரே வரும் நேரம் அதுவே. வளைவுக்கு முன் ஒதுங்கி நில்லுங்கள். அவை ஏறிச் செல்லட்டும்.