பறித்தவர் போனார், பறித்தது மீளவில்லை

(குலசேகரன்பட்டினத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர் உப்பளத்து அலுவலர் லோன் என்னும் வெள்ளையர் 1942-இல் கொல்லப்பட்ட வழக்கை நீங்கள் அறிவீர்கள். காசிராசன், இராசகோபாலன் இருவர்க்கும் தூக்கு விதிக்கப்பட்டது. ஆயினும் வழக்கென ஒன்று நடந்தது. அவர்களுக்காக வழக்குரைஞர் வழக்காடினர். பின்னர்த் தூக்கு, வாழ்நாள் சிறையாகக் குறைந்தது. வெள்ளையன் நல்லவன் என்று சொல்ல நான் வரவில்லை. அவனும் வழக்கின்றிப் பலரை அடைத்தவனே. அவன் போன பின் வந்த ஆட்சி என்ன செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள் என்கிறேன்.

1975 சூன் 25 இரவு இந்திரா அம்மையார் ஆட்சி நெருக்கடி நிலையைக் கொணர்ந்தது. மிசாவில் சிறைப்பட்டோர்க்குக் குற்றச்சாற்றும் இல்லை, வழக்கும் இல்லை. சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977 சனவரியில் மாண்டார். காவலன் ஒருவன் தன் பகை தீர்க்க ஒருவனைக் கொன்றாலும் முறையிட வழியில்லையா என்று தில்லி உச்ச முறைமன்றத்தில் நடுவர் கன்னா வினவினார். இல்லை என்றே அரசு வழக்குரைஞர் விடையிறுத்தார்! 1976 ஏப்பிரல் 28-இல் ஐந்து நடுவருள் நால்வர் அரசின் பக்கமே நின்றனர். கன்னா ஒருவரே மறுத்தெழுதினார்.

அத்தீர்ப்பை 2017-இல் அம்மன்றமே தள்ளிவிட்டது. வல்லாட்சியர் செய்தவை பல இவ்வாறு துடைக்கப்படுவதுண்டு. சோவியத்து ஒன்றியம் உடைந்து தனிநாடான துருக்குமெனித்தானில் நியாசோவ் என்பார் 2002-இல் திங்கள்களின் பெயரையே மாற்றினார். சனவரிக்குத் தம் பட்டப்பெயர், ஏப்பிரலுக்குத் தம் தாயார் பெயர்! மக்கள் மொழி இவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது போலும்! 2006-இல் அவர் இறந்தார். 2008-இல் பழைய பெயர்கள் மீண்டன.

நமக்கோ? 1976 சனவரி 31-இல் தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது; சட்டமன்றமும் போயிற்று. அவ்வாண்டு இறுதியில் 42-ஆம் திருத்தம் வந்தது. மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியும் காடும் உட்பட ஐந்து துறைகள் பொதுப்பட்டியலுக்குப் போயின. இத்தகைய திருத்தத்திற்கு மாநிலச் சட்டமன்றங்களுள் பாதியேனும் இசைய வேண்டும் என்பது முறை. இசைவு கேட்கத் தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை!

1977 தேர்தலில் அம்மையார் தோற்றார். 1978-இல் வந்த 44-ஆம் திருத்தம் அவர் ஆட்சியின் கேடுகள் பலவற்றைக் களைந்தது. கல்வியை நமக்குத் திருப்பித் தரவில்லை. பொதுப்பட்டியலில், நடுவண் சட்டத்தோடு மாறுபடும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதலின்றி நில்லாது. மருத்துவ நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2021-இலும் 2022-இலும் நம் சட்டமன்றம் சட்டவரைவை நிறைவேற்றி அனுப்பிற்று. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்பிரலில் அதே மன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.