மேசைக்கு அந்தப் பக்கம் நாமும் உட்கார வேண்டாமா?

(திருச்சியில் நடைபெற்ற வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெரிய கடைவீதியில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வருத்தப்பட்டார். "உரிமம் புதுப்பிக்க ஒரு ஆபீசுக்கு நாலு நாள் நடந்தேன் பாய். மேசைக்கு அந்தப் பக்கம் நம்ம பிள்ளை ஒருத்தன்கூட இல்லையே!" என்றார். "உங்கள் மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்டேன். "பி.காம். முடிச்சிட்டு சும்மா இருக்கான். எழுதிப் போட்டா மட்டும் கிடைச்சிடவா போகுது?" என்றார். விண்ணப்பமே போடாத பிள்ளைக்கு நாற்காலியை யார் தூக்கி வந்து கொடுப்பார்கள்? சிந்தித்துப் பாருங்கள்!

பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் நான் சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துக்குத் தட்டச்சு கற்கப் போனேன். அந்த வகுப்பில் நம்மவர் நான் ஒருவன்தான். தெருவில் கேலி செய்தார்கள். என் அத்தாவே, "கடையில் உட்காராமல் இது என்னடா டக் டக்?" என்றார்கள். அந்த டக் டக்தான் பிறகு எனக்கு இளநிலை உதவியாளர் வேலையைத் தந்தது. கண்காணிப்பாளராக ஓய்வு பெற வைத்தது. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கையில் இருந்ததால்தான் சென்ற நூற்றாண்டில் எத்தனையோ தமிழ் இளைஞர்கள் பம்பாய் மாதுங்காவிலும் டில்லி கரோல்பாகிலும் குடியேறி வாழ்ந்தார்கள். சிபாரிசை நம்பி அவர்கள் ரயில் ஏறவில்லை. கைத்தொழிலை நம்பி ஏறினார்கள்.

அரசு வேலை: கதவு எங்கே இருக்கிறது?

அரசுப் பணிகளில் முஸ்லிம்களின் பங்கு மக்கள்தொகைக்கு ஏற்ப இல்லை என்பதை 2006-ல் சச்சார் குழு அறிக்கை நாட்டுக்கே எடுத்துச் சொன்னது. தமிழ்நாட்டில் 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு வந்தது. 200 இடம் என்றால் 7 இடம். போராடிப் பெற்ற இந்த உரிமை, தேர்வு எழுத ஆள் இருந்தால்தானே பயன்படும்?

தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வைக் கவனியுங்கள். இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு அதுதான் வாசல். குறைந்தபட்சக் கல்வி பத்தாம் வகுப்பு. 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். நேர்முகத் தேர்வே கிடையாது. ஆகவே "ஆள் தெரியாது, பணம் கேட்பார்கள்" என்ற பேச்சுக்கும் இடமில்லை. பணம் வாங்கிக்கொண்டு வேலை தருகிறேன் என்பவன் மோசடிக்காரன்.

உருதுவை வீட்டில் பேசும் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதி. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித்தாள் திருத்தப்படாது. எனவே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களை இன்றே எடுங்கள்.

தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை வேண்டும். அல்லது ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை. மத்திய அரசின் சுருக்கெழுத்தர் தேர்வுக்குப் பிளஸ் டூ போதும். 'டி' பிரிவுக்கு நிமிடத்துக்கு 80 சொல், 'சி' பிரிவுக்கு 100 சொல் வேகம். இதற்குப் போட்டியிடுவோர் குறைவு. ஏனென்றால் பழகப் பொறுமை வேண்டும். சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) என்று சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். விளம்பரத்தில் 'அலுவலக உதவியாளர்' என்றிருந்தால் அது கடைநிலைப் பணி. 'இளநிலை உதவியாளர்' என்பதுதான் எழுத்தர் பணி. பெயரில் ஏமாறாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு.

தனியார் வேலை: எதைச் சொல்லிக் கேட்பது?

"எந்த வேலையாக இருந்தாலும் சரி சார்" என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்பவனுக்கு எந்த வேலையும் கிடைக்காது. மேலாளருக்கு உதவியாளர் தேடும் நிறுவனம் என்ன பார்க்கிறது? பிழையில்லாத ஒரு கடிதம், எக்செல் கணக்கு, கூட்டக் குறிப்பு, பயண டிக்கெட், தொலைபேசியில் பண்பான பேச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக வாய்க்கட்டுப்பாடு. மேலாளரின் ரகசியம் டீக்கடைக்குப் போகக் கூடாது!

நம் பிள்ளைகள் அத்தா கடையில் டேலியில் பில் போடுகிறார்கள், ஜி.எஸ்.டி. கணக்குத் தயார் செய்கிறார்கள், ஈவே பில் எடுக்கிறார்கள், கடன் வசூலுக்கு நயமாகப் பேசுகிறார்கள். ஆனால் விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்: இல்லை' என்று எழுதுகிறார்கள். என்ன கொடுமை! "இரண்டு ஆண்டு, தினமும் 60 பில், மாதக் கணக்கு முடித்தேன்" என்று உண்மையை எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். நேர்முகத்துக்குப் போனால் நகல்களைக் கொடுங்கள். மூலச் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

வளைகுடா போகிறீர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு தாய் நகையை விற்று, "ஆபீஸ் வேலை" என்று சொன்ன ஏஜெண்டிடம் கொடுத்தார். மகன் போய் இறங்கியது கிடங்கில், மூட்டை தூக்க. வந்தது விசிட் விசாவில். யாரிடம் முறையிடுவது? ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. பதவி, சம்பளம், வேலை நேரம் எழுதிய ஒப்பந்தம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது சட்ட விரோதம்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் கடையில் மூன்று ஆண்டு கணக்கெழுதிய பையன் வேறு வேலைக்குப் போகும்போது ஒரு அனுபவச் சான்றிதழ் கேட்டால், "போறவனுக்கு எதுக்குக் கடுதாசி?" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு தாள் அவன் குடும்பத்தின் அடுப்பு. சம்பளத்தை வங்கிக் கணக்கில் கொடுங்கள். அதுவும் அவனுக்கு ஒரு சான்று. உங்கள் மகளும் தட்டச்சு படிக்கட்டும். அவளுக்கும் இந்தத் தேர்வுகள் திறந்தே இருக்கின்றன.

1951-ல் ஜமால் முகமது கல்லூரியை இந்த ஊரில் நிறுவியவர்களும் வணிகர்கள்தாம். கடைக்கு அப்பாலும் பார்க்கத் தெரிந்த வணிகர்கள்!

இளைஞர்களே, இந்தக் கூட்டம் முடிந்து கைதட்டிவிட்டுக் கலைந்தால் பயனில்லை. வருகிற திங்கட்கிழமை காலை ஒரு தட்டச்சுப் பள்ளியின் படியேறுங்கள். அடுத்த முறை உங்கள் அத்தா உரிமம் புதுப்பிக்கப் போகும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் நேர்மையாக, லஞ்சம் வாங்காமல், எல்லா மக்களுக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிற ஒருவர் இருக்க வேண்டும். அவர் நீங்களாக இருங்கள்!