கட்டடமே முதல் பாடம்

(மந்தைவெளியில் பெற்றோர், மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளை பத்தாவது முடிச்சதும் எந்த ட்ரேடு, எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று விசாரிக்கிறோம். நாள் முழுக்க அவன் நின்று பழகப்போகும் ஒர்க்‌ஷாப் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் பழகும் பையனைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 'கைத்தொழில் படிக்கிறவனுக்கு இது போதும்' என்று அந்தக் கூரையே அவனிடம் சொல்லிவிடுகிறது.

"நல்ல கட்டடம்னா செலவு அதிகமாகுமே?" என்று கேட்பீர்கள். இதற்கு லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் 1970களிலேயே பதில் காட்டிவிட்டார். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் குறைந்த செலவில், செங்கல்லை வைத்தே கட்டினார்.

அவர் பரப்பிய முறைகள் எளிமையானவை. முதலாவது, 'எலிப்பொறி' கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குவார்கள். சுவருக்கு நடுவே காற்று தங்கும் வெற்றிடம் கிடைக்கும். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். வெயிலின் சூடும் உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். அடுத்தது கூரை. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்தால் சிமென்ட் குறையும். ஜன்னலுக்குப் பதில் சில இடங்களில் செங்கல்லில் துளைவிட்டுக் கட்டிய ஜாலிச் சுவர். வெளிச்சமும் காற்றும் தானே வரும். கவனிச்சீங்களா? செலவைக் குறைத்த அதே வேலைதான் வெப்பத்தையும் குறைக்கிறது.

சென்னைக்கு இன்னும் சில சேர்க்கலாம். கட்டடத்தின் நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கு வெயிலை மாடிப்படியும் ஸ்டோர் ரூமும் தாங்கட்டும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர். அதே மாடியில் 1 கிலோவாட் சோலார் பேனல் வைத்தால் வெயில் நாளில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம்.

இதையெல்லாம் எந்தக் கட்டடத்திலும் செய்யலாமே, தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மட்டும் என்ன விசேஷம்? எலிப்பொறிக் கட்டுக்குக் கை பழகிய கொத்தனார் வேண்டும். சோலாருக்கு எலக்ட்ரீஷியன் வேண்டும், மழைநீர்க் குழாய்க்கு பிளம்பர் வேண்டும். இந்த மூன்று பேரும் உருவாகும் இடமே அதுதான். சுவரைப் பூசி மறைக்காமல், குழாயையும் ஒயரையும் கண்ணுக்குத் தெரியும்படி விட்டால் கட்டடமே பாடப்புத்தகம் ஆகிவிடும்.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி தரமணியில் இறங்கினால் மத்திய பாலிடெக்னிக். 1916இல் மெட்ராஸ் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது அது. நூறாண்டைக் கடந்த மரபு நமக்கு இருக்கிறது. இப்போது 71 அரசு ஐடிஐகளை சுமார் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தில் நவீன இயந்திரங்கள் வந்துள்ளன. இயந்திரத்துக்குக் கொடுக்கும் அதே கவனத்தை, அதைச் சுற்றியுள்ள சுவருக்கும் கூரைக்கும் கொடுப்பதே அடுத்த படி.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஐடிஐயில் சேர்க்கும் முன் பிள்ளையோடு ஒருமுறை நேரில் போங்க. மதியம் 2 மணிக்குப் போங்க. ஒர்க்‌ஷாப்புக்குள் கால் மணி நேரம் நில்லுங்க. காற்று வருதா? பகலில் விளக்கு இல்லாமல் வேலை செய்ய முடியுதா? மழைத்தண்ணீர் எங்கே போகுது? குறை இருந்தால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் சொல்லுங்க. உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் பற்றிக் கேட்பது போல இதையும் கேளுங்கள்.

நாளைக்கு நம் வீடுகளைக் கட்டப்போவது இந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் படிக்கும் கட்டடம் நன்றாக இருந்தால், அவர்கள் கட்டும் வீடும் நன்றாக இருக்கும்.