யாரும் சுமத்தாத பொறுப்பு



'பொறுப்பு' என்னும் சொல் 'பொறு' என்னும் அடியிலிருந்து பிறந்தது. பொறுத்தல் என்பதற்குத் தாங்குதல் என்பதும் ஒரு பொருள். துன்பத்தைச் சகித்துக்கொள்ளுதல் என்பதும் ஒரு பொருள். ஒரு சுமையைத் தாங்க முன்வருகின்றவர் அதனால் வரும் வருத்தத்தையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த ஒரு சொல்லே அறிவித்துவிடுகிறது.

பொறுப்புகள் இரண்டு வகையின. அலுவலகமும் குடும்பமும் ஊரும் ஒருவர்மேல் ஏற்றிவைப்பவை ஒரு வகை. அவற்றைச் செய்யாது விட்டால் கேட்பதற்கு ஆள் உண்டு. மற்றொரு வகை, யாரும் ஏற்றிவைக்காதவை. அவற்றைச் செய்யாவிடினும் எவரும் கேட்கமாட்டார், ஊதியம் குறையாது, பழியும் வாராது. ஆயினும் ஒரு சமுதாயத்தின் அரும்பெருஞ் செல்வங்களுட் பல, இந்த இரண்டாம் வகைப் பொறுப்பைத் தாமாக ஏற்றவர்களாலேயே காக்கப்பட்டுள்ளன. அதற்குத் தக்க சான்று, சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாறு.

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடங்கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்தவர். அந்தாதியும் கலம்பகமும் கோவையும் பிள்ளைத்தமிழும் உலாவும் புராணமும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தம் கல்வியில் குறை உண்டு என்று எண்ணுவதற்கு அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சென்று கண்டார். என்னென்ன நூல்கள் படித்ததுண்டு என்று முதலியார் வினவினார். ஐயர் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பெயர்களை அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. அவை பிற்கால நூல்களே அல்லவா, இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த வினா. சிந்தாமணி படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது, இல்லை என்பதே ஐயர் கூறக்கூடிய விடையாக இருந்தது. பின்பு முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கைப்பிரதியைக் கொடுத்துத் தமக்குப் பாடஞ்சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த இடத்தில் ஐயர் கூறியிருக்கக்கூடிய சமாதானங்கள் எத்தனையோ உண்டு. அந்நூல் கல்லூரி மாணவர்க்கு அவர் நடத்த வேண்டிய பாடமன்று. அது அவருடைய சமயத்தைச் சார்ந்த நூலும் அன்று. ஆசிரியரிடம் பாடங்கேளாத நூலை எவ்வாறு விளக்குவது என்றும் கேட்டிருக்கலாம். ஒவ்வொன்றும் நியாயமான சமாதானமே. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை; உண்மையான காரணங்களே போதிய அளவு கிடைத்துவிடுகின்றன. ஐயர் அவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. நூலை எடுத்துக்கொண்டு வீடு சென்றார்.

படிக்கத் தொடங்கியபோது தடைகள் புலப்பட்டன. நச்சினார்க்கினியர் உரை உடன் இருந்தபோதிலும், சமண சமயக் கொள்கைகளும் மரபுச் சொற்களும் விளங்கவில்லை. விளங்காத இடத்தை ஊகத்தால் நிரப்பிவிட்டு மேலே செல்வது எளிது. ஐயர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில் மாவிலைத் தோரணமும் கோலமும் கண்டு, விசேடம் யாது என்று வினவியபோது, மாதக்கணக்கில் நடைபெற்றுவந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவுற்றது என்று அவர்கள் கூறினர். தமிழ்ப் புலவர் பலர் மறந்துவிட்ட காப்பியம், இல்லறத்தாரின் வீட்டில் விழாவோடு படிக்கப்பட்டு வந்தது. சந்திரநாத செட்டியார் போன்ற சமணப் பெரியோர்கள், கேட்ட ஐயங்களுக்கெல்லாம் அன்புடன் விளக்கம் தந்தனர். கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், மாலையில் அவர்களுக்கு மாணவராக அமர்ந்தார். தாம் ஏற்ற பொறுப்பின் பொருட்டு அறியாமையை ஒப்புக்கொண்டு பிறரிடம் சென்று கேட்கத் துணிந்தது அவருடைய பெருமைகளுள் ஒன்று. வந்தவர் வேறு சமயத்தவர் என்று கருதாது தம் கருவூலத்தைத் திறந்து காட்டியது அந்தச் சமணப் பெரியோர்களின் பெருமை.

படித்தல் பதிப்பித்தலாக வளர்ந்தது. முதலியாருடன் படித்த அந்த நூல் 1887ஆம் ஆண்டு முழுமையாக அச்சேறி வெளிவந்தது. இடையே கழிந்தவை ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் ஐயருக்கு வாய்த்த நாள்களும் நாழிகைகளும், அவரோடு பணியாற்றிய மற்ற ஆசிரியர்களுக்கு வாய்த்தவையே. பகற்பொழுது கல்லூரிக்கு உரியது. எஞ்சிய மாலையும் இரவும் விடுமுறை நாள்களுமே இப்பணிக்கு உரியவையாயின.

அப்பணியின் அருமையை இக்காலத்தார் உணர்வது கடினம். ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொருள் நோக்கியே அறிய வேண்டும். ஒரு பிரதியில் இருப்பது மற்றொரு பிரதியில் இராது. இரண்டிலும் இருப்பது மூன்றாவதில் வேறாக இருக்கும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையும் அவற்றின் உரையையும் இவ்வாறு பல பிரதிகளோடு ஒப்புநோக்க வேண்டியிருந்தது. அச்சுச் செலவுக்குப் பொருள் வேண்டிக் கையொப்பக்காரர்களையும் அவரே தேட வேண்டியிருந்தது.

இங்கே இளைஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஐயர் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த மணி நேரத்துக்கு ஏதேனும் ஒன்றை விட்டுச் சென்றது. படித்ததை அவர் குறித்துவைத்தார். அருஞ்சொற்களுக்கும் மேற்கோள்களுக்கும் அகராதி எழுதிவைத்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்தாண்ட அடிகள் பல எந்நூலைச் சேர்ந்தவை என்பது அக்காலத்தில் தெரியாதிருந்தது. அவற்றின் மூலத்தைத் தேடிய முயற்சியே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. ஒரு வேலையைச் செம்மையாகச் செய்தவருக்கு அடுத்த வேலை தானே வந்து முன்நின்றது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. சமணப் புலவராகிய கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை 1924இல் வெளிவந்தபோது அவர் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குறுந்தொகை 1937இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

காலம் என்பது பொழுதைக் கழிப்பதற்கு மட்டும் உரியதாயின், கழிந்தபின் அதில் ஒன்றும் எஞ்சாது. ஒருநாள் உழைப்பின் மீது மறுநாள் உழைப்பு ஏறி நிற்குமாயின், சிறு சிறு பொழுதுகளும் மலையாகக் குவிகின்றன.

பணி செய்பவர்க்குப் பழியும் வரும். ஐயருடைய பதிப்புகளில் குற்றங்கூறிக் கண்டனங்கள் எழுந்தன. துண்டுப் பிரசுரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றுக்கு மறுப்பு எழுத ஐயர் முற்பட்டதுண்டு. அப்போது கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர், மறுப்பு எழுதத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது என்றும், அதிற் செலவாகும் காலத்தை நூற்பணிக்கே பயன்படுத்துதல் தக்கது என்றும் அறிவுரை கூறினார். ஐயர் அதனை ஏற்றார். பிழை உண்மையாயின் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வது. பொய்யாயின் பொருட்படுத்தாது விடுவது என்பதே அவருக்கு வழியாயிற்று. காலத்தைத் திருடுவது சோம்பல் மட்டுமன்று. தம் பக்கம் நியாயம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் தவிப்பும் அதனைத் திருடும். சோம்பலினும் இது கொடியது. இதில் ஈடுபட்டிருப்பவர், தாம் ஏதோ கடமையாற்றுவதாகவே எண்ணிக்கொள்வார்.

இவ்வரலாற்றின் மறுபக்கம் துயரமானது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியைச் சமண நூல் என்பர் அறிஞர். இன்று அதில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 72 பாடல்களே. ஐயர் இளமையில் திருவாவடுதுறையில் கல்வி கற்றுவந்த காலத்தில், மடத்துப் புத்தகசாலையில் வளையாபதிச் சுவடியைக் கண்டதுண்டு. பழைய நூல்களில் அப்போது அவருக்கு நாட்டம் பிறந்திருக்கவில்லை. எனவே அதனை எடுத்துப் படிக்கவில்லை. பின்னர்ப் பழைய நூல்களைக் காப்பது தம் கடன் என்று உணர்ந்து தேடியபோது, அந்தச் சுவடி அங்கே இல்லை. இதனை அவரே தம் வரலாற்றில் எழுதிவைத்தார்.

இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுவடியைக் கண்டவர் கல்லாதவர் அல்லர். பிற்காலத்தில் தமிழுக்கே தாத்தா என்று போற்றப்பட்டவர். கண்களும் அவையே, கல்வியும் பெரிதும் வேறன்று. அன்று அவரிடம் இல்லாதது, இது தம் பொறுப்பு என்னும் உணர்வு ஒன்றே. அவ்வுணர்வு இல்லாத பொழுதில் ஒரு காப்பியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மறைந்தது. அது பிறந்தபின், செல்லரித்துச் சிதைந்துகொண்டிருந்த நூல்கள் எங்கெங்கிருந்தோ வந்து உயிர்பெற்றன. பொறுப்புணர்வு பிறக்கும் வரை பொருள்கள் காத்திருப்பதில்லை.

இனி, பெயர் அறியப்படாத மற்றொரு கூட்டத்தாரையும் நினைத்தல் வேண்டும். திருத்தக்கதேவர் சிந்தாமணியை இயற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பனையோலையும் அத்தனை காலம் நிற்பதில்லை. ஓலை நைந்து போவதற்குள் ஒருவர் அமர்ந்து, புதிய ஓலையில் எழுத்தாணி கொண்டு முழு நூலையும் படியெடுத்திருக்க வேண்டும். அவ்வோலை நைவதற்குள் இன்னொருவர் அதனைச் செய்திருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், தேடி வந்தவர் கையில் ஒன்றும் அகப்பட்டிராது. படியெடுத்தவர்களுட் பெரும்பாலோர் தம் பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை. நூலைப் படியெடுத்து அளிப்பதைச் சாத்திரதானம் என்று அன்னதானத்தோடும் ஒளடததானத்தோடும் அபயதானத்தோடும் ஒப்ப வைத்து எண்ணிய மரபு அது. கும்பகோணத்து இல்லத்தார் மாதக்கணக்கில் பாராயணம் செய்ததும் அம்மரபின் தொடர்ச்சியே. ஐயர் அச்சிட்ட நூலில், அறியப்படாத அத்தனை பேருடைய பொழுதுகளும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்று ஏடு தேடி ஊர் ஊராக அலைய வேண்டிய கட்டாயம் எல்லோர்க்கும் இல்லை. ஆயினும் யாரும் சுமத்தாத பொறுப்புகள் ஒவ்வொரு வீட்டிலும் காத்திருக்கின்றன. பரணில் கிடக்கும் பழைய கையெழுத்துப் படியைத் திறந்து பார்ப்பவர் யார்? எண்பது வயதுப் பாட்டி மட்டுமே அறிந்த பாடலையும் நோன்பு முறையையும் கேட்டு எழுதிவைப்பவர் யார்? குடும்பத்தார் எந்த ஊரிலிருந்து எப்போது வந்தனர் என்பதைத் தாத்தாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்பவர் யார்? அடுத்த வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறது என்பதை அறிந்தும், நாளைக்கு அரைமணி நேரம் உடன் அமர்பவர் யார்? பள்ளி செய்யட்டும், அரசு செய்யட்டும், அறக்கட்டளை செய்யட்டும் என்று சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், அவர்கள் வரும்வரை பாட்டி இருப்பாரா என்பதே வினா.

நாள்தோறும் அரைமணி நேரம் என்பது ஆண்டொன்றுக்கு நூற்றெண்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த அரைமணி கைப்பேசியிலும் கழியும். ஒரு குழந்தையின் கல்வியாகவும் மாறும். எதுவாக மாற வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை, செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒன்றுபோலவே வழங்கப்பட்டிருக்கிறது.

இவ்விழா நாளில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பணியைத் தேர்ந்துகொள்ளலாம். அது பெரிதாக இருத்தல் வேண்டா. தாம் செய்யாவிடின் வேறு எவரும் செய்யப்போவதில்லை என்று தோன்றும் பணியாக இருந்தால் போதும். அதனை எழுதிவைத்து, அடுத்த ஆண்டு இதே விழாவுக்கு வரும்போது எவ்வளவு முடிந்தது என்று தமக்குத் தாமே கணக்குக் காட்டிக்கொள்ளட்டும். கேட்பதற்கு ஆள் இல்லாத கணக்கை ஒழுங்காக எழுதுகின்றவரே பொறுப்புள்ளவர்.

வாழ்க அறம், வளர்க கல்வி.