கல்லூரி மாணவரும் எழுத்துப் பணியும்

(கழகத்தின் வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இக்கழகம் தொடங்கப்பெற்றபோது, நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டு சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. இன்றோ வரலாறு, தமிழ், பொருளியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் இளங்கலை பயிலும் மாணவ மாணவியர் இம்மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் காண்கிறேன். ஆயினும் அவர்களுடைய பெற்றோரை வழியில் கண்டு, "பிள்ளை என்ன படிக்கிறது?" என்று வினவினால், "வேறொன்றும் கிடைக்கவில்லை ஐயா, பி.ஏ.வில் சேர்த்துவிட்டோம்" என்று தலைகுனிந்து விடை கூறுகிறார்கள். அந்தத் தலைகுனிவைப் போக்குவதே இன்றைய என் உரையின் நோக்கமாகும்.

பி.ஏ. பட்டம் வேலைக்கு உதவுமா என்று கேட்போர்க்கு ஒரு சொல். நானும் வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, பின்னர் பி.எட். முடித்து ஆசிரியனானவன்தான். அரசுத் தேர்வாணையத்தின் பல தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டமே தகுதி. அத்தேர்வுகளில் கேட்கப்படுவனவற்றுள் வரலாறும் தமிழும் அரசியலமைப்பும் பெரும்பங்கு வகிக்கின்றன. எனவே வயிற்றுப் பாட்டுக்கு இப்படிப்பு உதவாது என்பது பொருந்தாது. அதற்கும் மேலாக இப்படிப்புக்கு ஒரு கடமை உண்டு. நம் மக்களின் வாழ்வை ஆராய்வதும் அதனை எழுத்தில் வடிப்பதுமே அக்கடமை. முதுகலை முடியட்டும், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யட்டும், பிறகு பார்ப்போம் என்று அதனை ஒத்திவைத்தல் ஆகாது. இளங்கலை மாணவராய் இருக்கும்போதே தொடங்க வேண்டும். ஏன் என்பதை என் வாழ்வில் நிகழ்ந்த ஒரு பிழையைக் கொண்டே கூற விழைகிறேன்.

1989ஆம் ஆண்டு நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவன். விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, 1793ஆம் ஆண்டு வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த நிலையான நிலவரித் திட்டத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அருகில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த என் ஆயா, ஏரிக்கரைக்குக் கீழே நமக்கும் நிலம் இருந்ததென்றும், வெள்ளைக்காரத் துரை காலத்தில் தன் மாமனாருக்கு அது கொடுக்கப்பட்டதென்றும், பஞ்ச காலத்தில் வாங்கிய சில மூட்டை நெல்லுக்காக அது கைமாறிப் போனதென்றும் சொல்லத் தொடங்கினார். நானோ, "சும்மா இரு ஆயா, நாளை மறுநாள் பரீட்சை" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் 1994இல் மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து எங்கள் தெருப் பெரியவர்கள் அந்நிலத்தைப் பற்றி மனு எழுத முற்பட்டபோது, நிலத்தின் நான்கெல்லை யாது, முதலில் பெற்றவர் எவர், எழுதி வாங்கியவர் எவர் என்ற வினாக்களுக்கு விடை சொல்ல ஊரில் ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை. பட்டம் பெற்றவன் என்று என்னிடமே மனுவை எழுதத் தந்தார்கள். எழுதுவதற்குக் கையில் பேனா இருந்தது. எழுத வேண்டிய செய்தி என் ஆயாவோடு போய்விட்டது.

அதன் பின்னரே நான் படித்தறிந்தேன். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் அவல நிலையைப் பற்றி அளித்த அறிக்கையை அடுத்து, 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒப்படைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. அவையே பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. முதல் பத்தாண்டுகள் அவற்றை விற்கலாகாது. அதன் பின்னரும் நம்மவரல்லாத பிறர்க்கு விற்கலாகாது என்பது அந்த ஒப்படையின் நிபந்தனை. என் ஆயா சொல்லத் தொடங்கிய நிலம் அவ்வகையைச் சேர்ந்ததுதானா என்பதை இன்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. உறுதி செய்திருக்கக்கூடிய ஒரு மாலைப் பொழுதை நான் தவற விட்டேன். அன்று நான் உருப்போட்டதும் நிலத்தின் வரலாறே. ஆயா சொல்ல வந்ததும் நிலத்தின் வரலாறே. இரண்டும் ஒன்றென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மாணவர்கள் எழுதும் எழுத்துக்கு மதிப்புண்டோ என்று நீங்கள் ஐயுறலாம். 1855ஆம் ஆண்டு மராத்தி இதழாகிய 'ஞானோதயா'வில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் முக்தா சால்வே என்னும் சிறுமி. மாங் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் நடத்திய பள்ளியின் மாணவி. மகர், மாங் மக்களின் துன்பங்களைப் பற்றிய அக்கட்டுரையில், பிள்ளைப்பேற்றின்போது தலைக்குமேல் ஒரு கூரைகூட இல்லாத நம் பெண்களின் நிலையை அவர் எடுத்துரைத்தார். எந்த நூலகத்திலும் தேடி எடுத்த செய்தியன்று அது. தம் தெருவிலிருந்து எடுத்தது. அதனாற்றான் நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் அக்கட்டுரை நிலைத்து நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை நாம் சட்ட மேதையாகவே நினைவிற் கொள்கிறோம். 1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியல் கருத்தரங்கு வகுப்பில், இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கும் முறையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவரும் ஒரு மாணவரே. குழந்தை மணம், கைம்மை, உடன்கட்டை ஆகிய வழக்கங்களை அன்று அறியாதார் இல்லை. "இவை ஏன் ஏற்பட்டன?" என்று அவர் வினவினார். தத்தம் வகுப்புக்குள்ளேயே மணமுடிக்கும் அகமண முறையே சாதியின் உயிர் என்றும், அதனைக் காப்பதற்காகவே இவ்வழக்கங்கள் ஏற்பட்டன என்றும் நிறுவினார். அடுத்த ஆண்டே அக்கட்டுரை அச்சேறியது. எல்லாரும் இயல்பென்று எண்ணிக் கடந்துபோவதை நிறுத்தி வைத்து "ஏன்?" என்று கேட்பதே ஆராய்ச்சியின் தொடக்கம் என்பதை இதனின்றும் நாம் அறியலாம்.

அவர் 1945இல் தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் அன்றைய ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் நிறுவியது. மராத்வாடாவின் சிற்றூர்களிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவர்கள் மிலிந்த் கல்லூரியில் பயின்றனர், எழுதினர், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தினர். அங்கு ஆசிரியராக இருந்த கங்காதர் பந்தாவணே 1960களின் இறுதியில் தொடங்கிய 'அஸ்மிதாதர்ஷ்' என்னும் இதழ் ஓர் இலக்கிய இயக்கத்துக்கே நாற்றங்காலாயிற்று. மராத்தி தலித் இலக்கியம் நாடறிய வளர்ந்ததில் ஒரு கல்விக் கழகத்தின் பங்கு இத்துணை உண்டு என்பதைக் கழகப் பெரியோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் தமிழகத்திலும் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பண்டிதரின் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்த பின்னரே பலரும் அவற்றைப் படிக்க இயன்றது. இடைப்பட்ட காலமெல்லாம் பழைய இதழ்களைத் தம் வீட்டுப் பெட்டிகளில் காத்து வைத்திருந்த நல்லோர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம். எழுதுவது பாதிப் பணி. எழுதியதைக் காப்பது மறுபாதி.

எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்களா? நான் பள்ளிக்கூடத்துக்காரன், ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், பிறந்த நாள், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கியதன் காரணம் ஆகியவை அதில் இருக்கும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியின் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, நம் பிள்ளைகள் பலருக்கு, "நீண்ட நாள் வராமையால் பெயர் நீக்கப்பட்டது" என்று எழுதப்பட்டிருக்கக் கண்டேன். நீங்கிய மாதங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவை தைப் பொங்கலை ஒட்டிய மாதங்கள். செங்கற்சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பங்கள் புறப்படும் காலம் அது! "படிப்பில் அக்கறையில்லாத கூட்டம்" என்று பிறர் நம்மைப் பழித்த பழிக்கு அப்பதிவேடே மறுப்பாக நின்றது.

ஆனால் ஆவணத்தையும் அப்படியே நம்பிவிடலாகாது. அதே பதிவேட்டில் பிறந்த நாள்களைப் பாருங்கள். ஊரிற் பாதிப்பேர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ பிறந்திருப்பார்கள்! வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று கணக்கிட்டு ஆசிரியரே இட்ட நாள்கள் அவை. என்னுடைய பிறந்த நாளும் அப்படி இடப்பட்டதே. ஆகவே ஏட்டில் உள்ளதைப் பெரியவர்களின் வாய்மொழியோடும், வாய்மொழியை ஏட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கண்டது எது, கேட்டது எது, நாமே ஊகித்தது எது என மூன்றையும் கலவாமல் எழுதுதல் வேண்டும். நமக்குச் சார்பான செய்தியானாலும் சான்றில்லையேல் விட்டுவிடல் வேண்டும். நம் வழக்கு நேர்மையான வழக்கு. அதற்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

பதிவேடு ஒன்றைச் சொல்லாது. சூளைக்குப் புறப்படும் நாளன்று ஐந்தாம் வகுப்புச் சிறுமி தன் புத்தகப் பையை யாரிடம் கொடுத்துவிட்டுச் சென்றாள், திரும்பி வந்தபோது தன் தோழி ஆறாம் வகுப்புக்குப் போனதைக் கண்டு என்ன நினைத்தாள் என்பவற்றை எந்தக் கட்டத்திலும் எழுதமாட்டார்கள். அவ்விடத்தில்தான் கதையும் கவிதையும் தேவைப்படுகின்றன. எத்தனைபேர், எப்போது, எதனால் என்று ஆராய்ச்சி சொல்லும்; அவளுக்கு எப்படி இருந்தது என்று இலக்கியம் சொல்லும். இரண்டும் ஒரே உழவனின் இரு மாடுகள்.

படைப்பில் ஈடுபடுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். அழுகையை மட்டுமே எழுதாதீர்கள். நம் தாய்மார்களின் நையாண்டியும், நடவுப் பாட்டும், பந்தயமும், பசித்த நாளிலும் பங்கிட்டு உண்ட பண்பும் எழுத்தில் வர வேண்டும். நம்முள் இருக்கும் குறைகளையும், வீட்டுக்குள் பெண்ணை அடக்கும் ஆணையும் மறைக்காதீர்கள். பேச்சை எழுதும்போது நம் தெருவின் பேச்சையே எழுதுங்கள். 1992இல் 'கருக்கு' எழுதிய பாமாவும், 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதிய இமையமும் அப்பேச்சு இலக்கியமாகும் என்பதை மெய்ப்பித்துவிட்டார்கள். இருவருமே ஆசிரியப் பணி புரிந்தவர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இக்காலத்தில் ஆய்வேடுகள் கடையில் விற்கப்படுகின்றன. கைப்பேசியில் கிடைப்பதை அப்படியே எடுத்து ஒட்டுவோரும் உளர். மற்றவர் எழுதியதை ஒட்டினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் உன் ஆயாவின் கதை எந்தக் கைப்பேசியிலும் இல்லை, தம்பி! அது அவர் நாவில் மட்டுமே இருக்கிறது; அதுவும் இன்னும் சில ஆண்டுகளுக்கே இருக்கும்.

இறுதியாகக் கழகத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். இவ்வாண்டு முதல் இளங்கலை மாணவர்கள் ஆளுக்கொரு கட்டுரையோ கதையோ எழுதி, ஆண்டுக்கொரு தொகுப்பு வெளிவர வேண்டும். அச்சிடப் பணமில்லையேல் கையெழுத்துப் பிரதியே போதும். அவற்றையும் பழைய பட்டாக்கள், கடிதங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றின் படிகளையும் காக்க இக்கட்டடத்தில் ஓர் இரும்பு அலமாரி வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதியோர் ஒருவரை அழைத்து அமரவைத்து, அவர் இசைவோடு அவர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். அலமாரிக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளைகள் எழுதிக் கொணரும் ஒவ்வொரு கட்டுரையையும் படித்துத் திருத்தித் தரும் பொறுப்பும் என்னுடையது. சிவப்பு மையைச் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துவேன், அதற்கு மட்டும் வருந்தக் கூடாது.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை விழா முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் மூத்தவர் எவரோ அவர் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். "ஏரிக்கரைக்குக் கீழே யாருடைய நிலம் இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்க வேண்டாம். நான் அன்று எழுந்துவிட்டேன்.