மீல் மேக்கரும் ஒரு கட்டியும்

(ஏற்காட்டில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் எனக்கு இன்னும் தலை சுத்துது. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

உங்க வாட்ஸ்அப்பில் ரெண்டு செய்தி சுத்துதாம். சோயா சாப்பிட்டா மார்பகப் புற்றுநோய் வரும்னு ஒண்ணு. சாப்பிட்டா வரவே வராதுன்னு இன்னொண்ணு. ரெண்டுமே சரியில்லை.

சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற தாவரப் பொருள்கள் இருக்கின்றன. நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போன்ற அமைப்பு கொண்டவை. மார்பகக் கட்டிகளில் பல, ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை. பயம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் இவை அந்த ஹார்மோன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாலும், அதன் வேலையை மிகக் குறைவாகவே செய்கின்றன. சில இடங்களில் தடுக்கவும் செய்கின்றன. சீனாவின் ஷாங்காய் நகரில், மார்பகப் புற்றுநோய் வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாக இருந்தன. சோயாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. அதோட, டோஃபு, சோயாப் பால் எல்லாம் அவங்க சமையலில் வழக்கமா இருக்கிறது. நாம எப்பவாவது மீல் மேக்கர் குழம்பு வைக்கிறவங்க. அந்தக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

மீல் மேக்கரில் பாதி எடை புரதம். தாராளமா சமைங்க. மாத்திரையா விற்கிறதை மட்டும் டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க, குறிப்பா புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவங்க.

இப்போ என் அத்தை கதை. கட்டி தெரிஞ்சும் எட்டு மாசம் யார்கிட்டேயும் சொல்லலை. "வலிக்கலையே" என்பதுதான் அவங்க சொன்ன காரணம். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்று எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியலை. சீக்கிரம் போயிருந்தா சின்ன அறுவை சிகிச்சையோட முடிஞ்சிருக்கும்னு டாக்டர் அப்புறம் சொன்னார்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். ஊசி கிடையாது, கையால்தான் பார்ப்பாங்க. சந்தேகம் இருந்தாதான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவாங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். எஸ்டேட்டில் ஒரு நாள் கூலி போகுமேன்னு யோசிக்கிறது எனக்குப் புரியுது. பிரஷர், சுகர் மாத்திரையோட வீட்டுக்கே வர்ற மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் எப்போ வரலாம்னு கேட்டு வச்சுக்கோங்க. 104-க்கும் போன் பண்ணலாம்.

அத்தை இப்போ நல்லா இருக்காங்க. போன வாரம் மீல் மேக்கர் குழம்பு வச்சாங்க. உப்புதான் கொஞ்சம் தூக்கல்.