தாய்மடியும் மோட்டார் வண்டியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் பேசிய இம்மேடையில், மெட்ரிகுலேஷன் வரையே படித்த ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இலக்கியம் பேசத் துணியேன். கைக்குழந்தையுடன் காரில் நெடுந்தூரம் செல்வது குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

முன்னாளில் நாகபுரித் தமிழர் ஊர் செல்ல ரயிலையே நம்பியிருந்தனர். இந்நாளில் நம் காலனியில் பல வீட்டு வாசல்களில் கார் நிற்கின்றது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் நகரிலிருந்து ஐதராபாத், பெங்களூர், சேலம் வழியாக மதுரைக்குச் செல்கின்றது. தூரம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பொங்கல் வந்தால் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகின்றோம்.

ரயிலில் தாய்மடியே குழந்தைக்குத் தொட்டில். அவ்வழக்கத்தையே காரிலும் கைக்கொள்கின்றோம். ஆபத்து இங்கேதான் உள்ளது. வேகமாக ஓடும் ரயில், அவசரமாகப் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். காரோ எதிலேனும் மோதினால் ஒரு முழ தூரத்திற்குள் நின்றுவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வாறு நேர்ந்தால், 6 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 100 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அவ்வலிமை இல்லை.

ஆகவே குழந்தைக்கெனச் செய்த தனி இருக்கையை வாங்கி, காரின் பின் ஆசனத்தில், குழந்தையின் முகம் வண்டியின் பின்புறம் நோக்குமாறு பொருத்துங்கள். சிசுவின் தலை கனமானது, கழுத்து இளையது. மோதலின் விசையை அப்போது முதுகு முழுவதும் பகிர்ந்து ஏற்கும். காற்றுப்பை உள்ள முன் ஆசனத்தில் இவ்விருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரை இவ்வாறு பாதுகாக்கத் தவறினால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கின்றது. குழந்தையின் உயிருக்கு முன் அத்தொகை எம்மாத்திரம்!

“அழுதால் என் செய்வது?” எனப் பாட்டிமார் கேட்பர். நியாயமான கேள்வியே. இரண்டு மணிக்கொருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தையை எடுத்து, பால் கொடுத்து, துணி மாற்றி, சற்றே உலவவிட்டுப் பின்னர் புறப்படுங்கள். ஓடும் வண்டியில் எடுக்க வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். வெயிலிலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. மாவுப்பால் கொடுப்போர் வெந்நீரைப் பிளாஸ்கிலும் மாவைத் தனியாகவும் கொண்டுசென்று, வேண்டும்போது கலக்குக. கலந்து இரண்டு மணி கடந்ததைக் கொட்டிவிடுக.

தேநீர் அருந்தும் நேரமேயாயினும் மூடிய காரில் குழந்தையை விட்டுச் செல்லாதீர். வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் சுமார் 10 பாகை உயரும். இரவெல்லாம் ஓட்டி விரைந்து சேர எண்ணாது, வழியில் இரண்டு இரவு தங்கிச் செல்லுங்கள்.

இவ்வளவும் இயலாதெனின், ரயில் இருக்கவே இருக்கின்றது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிடில் கட்டணமும் இல்லை. நான் ரயில்வே ஊழியன் என்பதால் இதைச் சொல்லவில்லை!

புறப்படுமுன் திருஷ்டிப் பொட்டு வைக்கின்றோம், வைப்போம். அத்துடன் பட்டையையும் மாட்டுவோம். பேரன் பேத்தியை எதிர்பார்த்து ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோர், நாம் ஒருநாள் தாமதித்தாலும் பொறுப்பர்.